பேப்பர் புக்கை எந்தப் பக்கத்திலிருந்து பிரிப்பது: லா கிளார்க் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு

லா கிளார்க் தேர்வு, அதாவது நீதிபதிக்கு உதவியாக வழக்குகளைப் படித்துக் குறிப்பு எழுதும் பணிக்கான தேர்வு, எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது எந்த கைடு வாங்கலாம் என்பதுதான். சிவில் ஜட்ஜ், ஏபிபி (அரசு உதவி வழக்கறிஞர்), டிஎன்பிஎஸ்சி என்று படித்துப் பழகிய நமக்கு அது தானாக வருகிற கேள்வி. என் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. கைடு வாங்குங்கள், தப்பில்லை, முதல் பகுதியைத் தாண்ட அது உதவும், அதோடு அதன் வேலை முடிந்தது. இந்தத் தேர்வில் ஆளை வடிகட்டுவது இரண்டாம் பகுதி. அங்கே கேட்பது ஒரு கேஸ் கட்டைப் படித்து, படிக்க நேரமில்லாத ஒருவருக்கு, இரண்டு தரப்புக்கும் நியாயமாக, சுருக்கமாக எழுதித் தர உங்களால் முடியுமா என்பதை.

நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்துகொண்டே இதற்குப் படித்தவன். நேர்காணல் வரை போனேன், வேலை கிடைக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் சேம்பரிலும் பக்கத்து சேம்பர்களிலும் இதற்குப் படிக்கிறவர்கள் எழுதிக் காட்டுவதைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் திருத்தல்களில் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதலில் விவரம் தெரியாதவர்களுக்கு. உச்ச நீதிமன்றத்தில் இந்தப் பணியின் முழுப் பெயர் லா கிளார்க் கம் ரிசர்ச் அசோசியேட். குறுகிய கால ஒப்பந்தப் பணி, நிரந்தர அரசு வேலை என்று நினைத்து வரவேண்டாம். 2024 அறிவிப்பில் தொகுப்பூதியம் மாதம் 80,000 ரூபாய் என்று இருந்தது. வயது 20 முதல் 32 வரை. கடைசி வருஷம் சட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், பணியில் சேரும் முன் பட்டம் கையில் இருக்க வேண்டும். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு இணையானது ரிசர்ச் லா அசிஸ்டென்ட். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் நீதிபதிகளுக்கு உதவியாக, மாதம் 30,000 ரூபாய்க்கு. இரண்டுக்கும் சம்பளத்தில் இருக்கிற தூரம் வேலையின் தன்மையில் இல்லை என்பது என் அபிப்பிராயம், அதனால் இந்த அறிவிப்பைச் சின்னது என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

உச்ச நீதிமன்றத் தேர்வு மூன்று கட்டம். கொள்குறி வகை, விரித்து எழுதும் தேர்வு, நேர்காணல். முதல் இரண்டும் ஒரே நாளில் வரும் என்பதால் ஒன்றை முடித்துவிட்டு அப்புறம் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. அமெரிக்காவில் இந்த வழக்கம் ஹோரஸ் கிரே என்ற நீதிபதி 1882இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஓர் இளைஞரை உதவிக்கு அழைத்து வந்ததில் தொடங்கியது, அங்கே இன்றைக்கும் நீதிபதிகள் தாங்களே ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பொதுத் தேர்வெல்லாம் கிடையாது. நம் ஊரில் திறந்த எழுத்துத் தேர்வு வந்ததில் லாபம் யாருக்கு என்றால், பெரிய தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்காத, டெல்லியில் யாரையும் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை எழுதிப் பார்க்கலாம்.

முதல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, ஒரு விஷயம் தவிர. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்கள். எண்கள் மாறியது மட்டும் என்றால் மனப்பாடம் பண்ணிவிட்டுப் போகலாம், பழைய எண்ணிலேயே புதிய ஆள் வந்து உட்கார்ந்திருப்பதுதான் தலைவலி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், எஃப்ஐஆரை ரத்து செய்யக் கோரும் மனு எல்லாம் அதன் கீழ்தான். புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 முன்ஜாமீன். முன்பு முன்ஜாமீன் 438. உள்ளார்ந்த அதிகாரம் 528க்குப் போய்விட்டது. சினிமா வசனத்திலெல்லாம் ஊறிப்போன 302 இப்போது, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவில், மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது பற்றிய பிரிவு, கொலைக்குத் தண்டனை 103. 420 என்று நாம் ஆளைத் திட்டுவதற்குக்கூடப் பயன்படுத்தும் எண் 318(4) ஆகிவிட்டது. இதில் இரண்டு சட்டத்தையுமே படிக்க வேண்டும், ஏனென்றால் 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்கு இன்னமும் பழைய தண்டனைச் சட்டம்தான், அந்த வழக்குகள் மேல்முறையீடுகளாக இன்னும் பல வருஷம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்துகொண்டிருக்கும். பேர் ஆக்ட்டின், அதாவது விளக்கவுரை இல்லாத சட்டப் புத்தகத்தின், ஓரத்தில் பழைய எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு படித்தது எனக்கு உதவியது. கோச்சிங்கில் கொடுக்கிற ஒப்பீட்டு அட்டவணையை ஒட்டிவைத்துப் பார்ப்பதைவிட நாமே ஒவ்வொன்றாக எழுதும்போது, எங்கே வாசகமும் மாறியிருக்கிறது என்பது கண்ணில் படும்.

மற்றபடி கேள்விகள் சட்டத்தைப் பொருத்திப் பார்க்கச் சொல்கிற ரகம். உதாரணத்துக்கு, உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் சிறப்பு அனுமதி மனு, அதாவது எஸ்எல்பி, காரணம் எதுவும் சொல்லாமல் ஒரு வரியில் தள்ளுபடி ஆனால் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டதாக ஆகுமா? ஆகாது, குன்ஹயம்மது வழக்கில் 2000லேயே சொல்லிவிட்டார்கள். வழக்கின் பெயர் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, அந்தத் தள்ளுபடிக்கு அப்புறம் உயர் நீதிமன்றத்தில் மறுசீராய்வு மனு போட முடியுமா என்று அடுத்த படி கேட்டால் பதில் வரவேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், அதனால் குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டாம். முதல் பகுதிக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். வழக்குக் கட்டைச் சுருக்கி எழுதுவது, ஆய்வுக் குறிப்பு எழுதுவது, பகுப்பாய்வுக் கேள்விக்கு விடை எழுதுவது என்று அமைந்திருக்கும். முதலாவதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

லா கிளார்க்கின் அன்றாட வேலையும் இதுதான். உச்ச நீதிமன்றத்தில் திங்களும் வெள்ளியும் புது மனுக்களின் நாள், ஒவ்வோர் அமர்வின் முன்னும் டஜன் கணக்கில் மனுக்கள் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பேப்பர் புக், அதாவது மனுவும் ஆவணங்களும் சேர்த்துத் தைத்த கட்டு, சிலது கைக்கடக்கம், சிலது தலையணை கனம். நீதிபதியும் படிப்பார், ஆனால் எந்தப் பக்கத்தை நின்று படிக்க வேண்டும் என்று காட்டுவது அந்தச் சுருக்கக் குறிப்பு.

பேப்பர் புக்கை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். சட்டக் கல்லூரியில் இதை யாரும் காட்டுவதில்லை. எஸ்எல்பி என்றால் முதலில் காலவரம்பு பற்றிய அலுவலக அறிக்கை, பிறகு பட்டியலிடுவதற்கான படிவம், பிறகு சினாப்சிஸ் என்கிற வழக்குச் சுருக்கமும் தேதி வாரியான நிகழ்வுப் பட்டியலும், அதன் பின் எதிர்த்து வந்திருக்கிற தீர்ப்பு, அப்புறம்தான் மனு, இணைப்புகள், இடைக்கால மனுக்கள். இந்த வரிசையிலேயே படிக்கத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். சினாப்சிஸை எழுதியவர் மனுதாரரின் வக்கீல். அதை எழுதும்போது அவர் தன் கட்சிக்காரருக்கு விசுவாசமாக இருந்திருக்கிறார், அதுதான் அவர் தொழில் தர்மம். அதை முதலில் படித்துவிட்டால் அப்புறம் தீர்ப்பைப் படிக்கும்போதே அது தப்பான தீர்ப்பாகத்தான் தெரியும். நான் சொல்வது, முதலில் தீர்ப்பு. அதற்கடுத்து கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள். பிறகு மனுவில் உள்ள காரணங்கள். சினாப்சிஸ் கடைசியில், அதுவும் தேதிகளைச் சரிபார்க்க மட்டும். காலவரம்பு அறிக்கையை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 90 நாள், அதைத் தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு கட்டில் இருக்க வேண்டும், இருந்தால் அதில் என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்பது உங்கள் குறிப்பில் ஒரு வரியாவது வரவேண்டும்.

ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். நில விற்பனை ஒப்பந்தம், 12 லட்சம் விலை, 3 லட்சம் முன்பணம், 11 மாதக் கெடு. வாங்குபவர் ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரக் கோரி வழக்குப் போடுகிறார். விசாரணை நீதிமன்றம் டிக்ரி கொடுக்கிறது. முதல் மேல்முறையீட்டில் அது ரத்து, பாக்கிப் பணத்தோடு தயாராக இருந்ததை வாங்குபவர் நிரூபிக்கவில்லை என்று. இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் டிக்ரியைத் திரும்பக் கொடுத்துவிடுகிறது. விற்பவர் உச்ச நீதிமன்றம் வருகிறார். இந்தக் கட்டைக் கொடுத்துச் சுருக்கி எழுதச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் எழுதுகிற தொடக்கம் இப்படி இருக்கும்:

"மனுதாரர் தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் விவசாயம் செய்து வருபவர். எதிர்மனுதாரர் ரியல் எஸ்டேட் தொழில் செய்பவர். மாண்பமை உயர் நீதிமன்றம் சாட்சியங்களைச் சற்றும் கருத்தில் கொள்ளாமல் இயந்திரத்தனமாகத் தீர்ப்பளித்துள்ளது."

மூன்று வாக்கியம் போய்விட்டது, என்ன வழக்கு என்றே இன்னும் தெரியவில்லை. இதையே இப்படி எழுதலாம்:

"விற்பனை ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்கு, மனுதாரர் விற்பவர். டிக்ரி, முதல் மேல்முறையீட்டில் ரத்து, இரண்டாம் மேல்முறையீட்டில் மீண்டும் டிக்ரி. கேள்வி: வாங்குபவர் பணத்தோடு தயாராக இருந்தாரா என்ற உண்மை குறித்த முடிவை உயர் நீதிமன்றம் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 100ஆவது பிரிவின் கீழ் மாற்றலாமா. தீர்ப்பில் முக்கியமான சட்ட வினா எதுவும் வகுக்கப்பட்டதாகக் காணவில்லை, அனுமதி உத்தரவு கட்டில் இணைக்கப்படவில்லை. எதிர்த்தரப்புக்குச் சாதகம்: முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வங்கிக் கணக்கு ஆவணத்தைப் பரிசீலிக்கவே இல்லை, உயர் நீதிமன்றம் தலையிட்டதற்குச் சொல்லும் காரணம் அதுவே."

இதில் அனுமதி உத்தரவு பற்றிய அந்த அரை வரியைக் கவனியுங்கள். இரண்டாம் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கும்போதே சட்ட வினாவை வகுக்க வேண்டும் என்பது 100ஆவது பிரிவு. தீர்ப்பில் அது தென்படவில்லை என்றால் வகுக்கவே இல்லை என்று மனுதாரர் அடித்துச் சொல்வார். ஏற்கும்போது போட்ட அந்த அனுமதி உத்தரவில் இருந்திருக்கலாம், தீர்ப்பில் எடுத்தெழுதாமல் விட்டிருக்கலாம். அந்த உத்தரவைக் கட்டில் வைக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்தான் கட்டைப் படித்தவர். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பக்கத்து சேம்பரில் ஒரு தங்கச்சி இதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் நன்றாகப் பேசுவாள், வாய்தா வாங்குவதைக்கூட வாதம் மாதிரி செய்வாள். அவள் எழுதிக் கொண்டுவந்த குறிப்புகள் எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. அவள் படித்த கட்டையே வாங்கிப் பார்த்தேன். மனுவின் காரணங்கள் பகுதி முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், தீர்ப்பில் ஓர் இடத்தில்கூட இல்லை. எதிர்த்தரப்புக்கு என்ன எழுதியிருக்கே என்று கேட்டேன். "அண்ணா, அந்தப் பக்கம் கேவியட்டே போடலை, அவங்க என்ன சொல்வாங்கன்னு நான் எப்படி எழுதுறது?" என்றாள்.

நியாயமான கேள்வி. கேவியட் என்பது, தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே போடுகிற மனு. அனுமதி நிலையில் பெரும்பாலும் எதிர்த்தரப்பு வந்திருக்க மாட்டார்கள், அவர்கள் தரப்புக் காகிதம் கட்டில் தனியாக இருக்காது. ஆனால் அவர்கள் வாதம் கட்டிலேயே இருக்கிறது, கீழ் நீதிமன்றத் தீர்ப்புகளில், "எதிர்வாதி தரப்பு வழக்கறிஞர் வாதிடுகையில்" என்று தொடங்கும் பத்திகளில். எழுத்துமூல பதிலுரையின் சாரமும் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பின் முதல் சில பக்கங்களில் கட்டாயம் வந்துவிடும். அதன் பின் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள், நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. எழுதும் தாளில் கீழ்ப் பாதியை முதலில் நிரப்புவாள், தோற்று வந்திருக்கிற மனுதாரரை விட்டுவிட்டு, ஜெயித்தவர் ஏன் ஜெயித்தார் என்று. மேல் பாதி அப்புறம். குறிப்பின் நிறமே மாறிவிட்டது.

ஜூனியர்களுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று யோசித்திருக்கிறேன். சேம்பரில் ஒரு கட்டு மேசைக்கு வரும்போதே நாம் யார் தரப்பு என்பது தெரிந்துவிடுகிறது, கை தானாக நமக்கு உதவுகிற பக்கத்தைத் தேடிப் போகிறது, உதவாத பக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்ற கண்ணோடுதான் படிக்கிறோம். நல்ல வக்கீலுக்கு வேண்டிய பழக்கம்தான் அது. அதனால் ப்ராக்டீஸில் இருக்கிறவர்களைவிட, இன்னும் கோர்ட் வாசலை மிதிக்காத கடைசி வருஷ மாணவர்கள் சில சமயம் இதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டு என்னவென்று தெரியும், சாய்வை எடுப்பதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

பயிற்சிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் தளத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசம். நடுத்தர நீளத்தில், பத்திருபது பக்கத்துக்குள் ஒரு தீர்ப்பை எடுங்கள், மேலே தீர்ப்பின் சாரத்தைச் சொல்லும் தலைக்குறிப்பை மறைத்துவிடுங்கள், உண்மைகளையும் இரு தரப்பு வாதங்களையும் மட்டும் படித்துவிட்டு நிறுத்தி, குறிப்பு எழுதுங்கள். அப்புறம் நீதிமன்றம் எதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். நீங்கள் எழுதிய கேள்வியும் அவர்கள் எடுத்த கேள்வியும் ஒன்றாக வந்தால் சரி, வராவிட்டால் எங்கே விலகினீர்கள் என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்தரங்க உரிமை பற்றிய 2017 புட்டசாமி தீர்ப்பு மாதிரி 547 பக்கத்தை வைத்துக்கொண்டு இந்தப் பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் பாதியில் ஓடிவிடுவார்கள். அதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் கடைசியில் ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்து கையெழுத்திட்ட சின்ன உத்தரவு இருக்கிறது, ஆறு தனித்தனித் தீர்ப்புரைகளில் பொதுவாக நிற்பது எது என்பது அங்கேதான் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள்.

இன்னொன்று, மாறுபட்ட தீர்ப்புரைகள். பலர் இதைத் தேர்வுக்கு வேண்டாதது என்று தாண்டிவிடுகிறார்கள். இரு தரப்பையும் எழுதப் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது, ஒரே உண்மைகளை வைத்துக்கொண்டு நியாயமான இருவர் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பது கண்முன் இருக்கிறது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போடலாமா என்ற 1976 ஜபல்பூர் வழக்கில் நீதிபதி கன்னா மாறுபட்டு எழுதியதைப் பெரும்பான்மையோடு சேர்த்து வைத்துப் படியுங்கள்.

ஆய்வுக் குறிப்பில் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. தேடிக் கண்டுபிடித்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுவது. ஏஷியன் ரீசர்ஃபேசிங் தீர்ப்பு 2018இல் வந்தது, உயர் நீதிமன்றம் கொடுத்த இடைக்காலத் தடை ஆறு மாதத்தில் தானாகக் காலாவதி ஆகும் என்று. கீழ் நீதிமன்றங்களில் அதைக் காட்டாத ஆள் கிடையாது. 2024 பிப்ரவரி 29இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது சரியல்ல என்று சொல்லிவிட்டது. பழைய குறிப்பேட்டை நம்பி அதை எழுதினால் மொத்தக் குறிப்பும் போச்சு. அதேபோல அமர்வின் எண்ணிக்கை. பெரிய அமர்வு சொன்னது சின்ன அமர்வைக் கட்டுப்படுத்தும், சம எண்ணிக்கை என்றால் பிந்தைய அமர்வு முந்தையதை மீறிப் போக முடியாது, சந்தேகம் இருந்தால் பெரிய அமர்வுக்கு அனுப்பத்தான் முடியும். எந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டாலும் வருஷத்தோடு எத்தனை நீதிபதிகள் என்பதையும் எழுதிப் பழகினால் பாதிச் சிக்கல் தானாகத் தீரும்.

பகுப்பாய்வுக் கேள்விக்குச் செய்தியில் இருக்கிற அரசியல் சட்ட விவகாரங்களைப் படியுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் கொஞ்சம் குறுக்குவேன். நம் மாநிலத்தோடு சம்பந்தப்பட்டதை முதலில் எடுங்கள், பின்னணி ஏற்கெனவே தெரியும் என்பதால் சட்டத்தில் மட்டும் கவனம் வைக்கலாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஒதுக்கீடு பற்றிய 1951 செண்பகம் துரைராஜன் வழக்கு, அதைத் தொடர்ந்து அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தில் பிற்பட்டோருக்காக வந்த 15(4). பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1இல் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சொன்ன தீர்ப்பு, நம் அருந்ததியர் உள்ஒதுக்கீட்டுச் சட்டமும் அதில்தான் நின்றது, ஏழாமவர் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்பதோடு சேர்த்து. விடையில் உங்கள் கருத்தைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். எதிர்க் கருத்தின் பலமான வடிவத்தை முதலில் எழுதிவிட்டுச் சொல்லுங்கள். மேடைப் பேச்சு மாதிரி எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தமிழ்நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

எல்லாமே ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் இதற்குப் பயந்து விண்ணப்பிக்காமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தத் தேர்வுக்கு வேண்டிய ஆங்கிலம் சின்ன வாக்கியங்களில் தப்பில்லாமல் எழுதுவது, அலங்காரம் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

நேர்காணலில், விண்ணப்பத்தில் நீங்களே எழுதிய விஷயங்களிலிருந்துதான் தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்துப் போங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதியதாகப் போட்டிருந்தால் அதை மறுபடி ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். மானுபத்ரா, எஸ்சிசி ஆன்லைன் மாதிரித் தீர்ப்பு தேடும் தளங்களெல்லாம் தெரியும் என்று போட்டிருந்தால் உண்மையிலேயே தேடத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஏற்கெனவே வக்கீலாக என்ரோல் ஆனவர்கள் ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பார் கவுன்சில் விதி 49இன்படி முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீலாக ப்ராக்டீஸ் பண்ண முடியாது, பணியில் சேரும்போது மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் கையில் இருக்கிற சொந்த வழக்குகளை யாரிடம் ஒப்படைப்பது, வக்காலத்து மாற்றிக் கொடுக்கக் கட்சிக்காரர்கள் சம்மதிப்பார்களா என்பதெல்லாம் முடிவு வந்தபின் யோசித்தால் அவசரத்தில் சொதப்பும். சீனியரிடம் விண்ணப்பம் போடும்போதே சொல்லிவிடுங்கள். என் சீனியர் கேட்டதும் சொன்னது, "போயிட்டு வா, ஆனா உன் அப்பீல் கட்டெல்லாம் யார் பார்க்கிறதுன்னு எழுதி வச்சிட்டுப் போ." எழுதித்தான் வைத்திருந்தேன்.